ஆயிலிலும் டீசலிலும் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது?
வாசகர் கேள்வி – பதில்

எஞ்சின் ஆயில், கிரீஸ், பெட்ரோல், டீசல் இவற்றில் கலக்கும் ரசாயனச் சேர்மானங்கள் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஃபைபர் வள்ளத்தில் மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் ஓட்டுகிறோம். விலை குறைவு என்று சில மாதமாகப் பைக்குக்கு ஊற்றும் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைத்தான் கலக்கிறோம். இப்போது பிளக் அடிக்கடி மங்கி நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோகிறது. பிளக் சுத்தமாக ஒரு மருந்து இருக்கிறது, அதையும் சேர்த்து ஊற்று என்கிறார்கள். ஊற்றலாமா?
— மீனவர், குளச்சல்

பதில்: மருந்து வேண்டாம், ஆயிலை மாற்றுங்கள். கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும்.

பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது. பிஸ்டன் அதிகம் சூடேறும். அந்தச் சூட்டில் படியும் பிசினைக் கரைக்க, பைக் டூ-டி ஆயிலில் கால்சியம் போன்ற உலோகம் சேர்ந்த டிடர்ஜென்ட் போடுவார்கள். உலோகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பைக்கில் அது சிறிய அளவு, பெரிதாகத் தெரியாது. அவுட்போர்டோ கடல்தண்ணீரில் குளிர்கிறது, மணிக்கணக்காகத் த்ராட்டில் முழுக்கத் திறந்தே ஓடுகிறது. சாம்பல் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே படிந்து இடைவெளியை அடைத்துவிட்டால் மின்பொறி தாவாது. அதனால்தான் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். அதில் உலோக டிடர்ஜென்ட் கிடையாது. சாம்பல் தராத நைட்ரஜன் வகைச் சேர்மானம்தான். கூடவே உப்புக்காற்றில் பேரிங்கும் கிராங்கும் துருப்பிடிக்காமல் காக்கும் சேர்மானமும் இருக்கும். கேனில் இந்த எழுத்துகள் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதே காரணத்தால் வள்ளத்து ஆயிலைப் பைக்கில் ஊற்றுவதும் தவறு. காற்றில் குளிரும் பிஸ்டனின் சூட்டுக்கு அது போதாது.

அளவில் கைக்கணக்கு வேண்டாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25 லிட்டர் கேனுக்கு அரை லிட்டர். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி; அதே கேனுக்கு ஒரு லிட்டர். உங்கள் எஞ்சினுக்கு எது என்பது எஞ்சின் புத்தகத்தில் இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் மாடலுக்கும் பெட்ரோலில் ஓடும் மாடலுக்கும் அளவு வேறுபடலாம், பக்கத்து வள்ளத்துக்காரரைப் பார்த்து ஊற்றாதீர்கள். முதலில் கேனில் கால் பங்கு மண்ணெண்ணெய் விட்டு, ஆயில் முழுவதையும் ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புங்கள். வெறும் கேனில் ஆயிலை முதலில் ஊற்றினால் அடியிலேயே தங்கி, முதல் ஒரு மணி நேரம் கொழுத்த கலவையும் பிறகு வறண்ட கலவையும் எஞ்சினுக்குப் போகும். கூடுதலாக ஆயில் ஊற்றினால் எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. கார்புரேட்டரின் ஜெட் வழியே போகும் அளவு மாறாது. ஆயில் கூடினால் எரிபொருள் குறையும், பிளக்கும் நனையும்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லலாம். காய்ந்த கறுப்புப் புகைக்கரி இருந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது எஞ்சின் சூடாகும் முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம். வெளுத்த சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் பொருக்கு ஏறியிருந்தால் உலோகச் சாம்பல், உங்களுடையது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்குத் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கிராங்க் அறையில் மண்ணெண்ணெய் தேங்கி, பேரிங்கின் மேலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். மறுநாள் காலை கயிறு இழுத்துக் கை ஓய்ந்துபோகும். பெட்ரோல் கேனிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு பொருட்காட்சி ஸ்டாலில், சுழலும் இரும்பு உருளையின் மேல் எடை போட்டு அழுத்திக் காட்டினார்கள். சாதா ஆயிலில் கிறீச்சிட்டு நின்றது. அவர்கள் மருந்தைச் சில சொட்டு விட்டதும் எவ்வளவு எடை போட்டாலும் சுற்றியது. நம்பி வாங்கி 125 சிசி பைக்கில் ஒரு பாட்டில் ஊற்றினேன். இப்போது பார்வதிபுரம் பாலம் ஏறும்போது எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.
— கல்லூரி மாணவர், வடசேரி

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. உங்கள் பைக்கின் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் எதை ஊற்றினாலும் அது அந்தத் தட்டுகளிலும் ஏறும். தட்டு பிடிப்பதே உராய்வால்தான். பைக் ஆயிலுக்கு ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று தனித் தரம் இருப்பது இந்த உராய்வு குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. அதில் கிளட்ச் ஆயிலில் மூழ்காது, உராய்வு குறைந்தாலும் பாதகமில்லை.

ஸ்டாலில் காட்டியது பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. அது உண்மையான ஒரு சோதனையின் சாயல். ஆனால் அது அளப்பது வேறொன்றை. உருளை ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் உரசுவதால் அங்கே அழுத்தம் பயங்கரமாக ஏறுகிறது. கியர் ஆயிலுக்கும் கிரீஸுக்கும் உரிய சோதனை அது. பல எஞ்சின்களில் கிராங்க் பேரிங் அப்படி வேலை செய்வதில்லை. பம்ப் தள்ளும் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது, ஓடும்போது இரும்பு இரும்பைத் தொடுவது அரிது. தொடுவது கேம், பிஸ்டன் ரிங் போன்ற சில இடங்களில் மட்டும். அங்கே காவலுக்கு ஆயில் கம்பெனியே ஜிங்க் டைஅல்கைல் டைதயோபாஸ்பேட் என்ற சேர்மானத்தைப் போட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்பார்கள். சூடும் உரசலும் சேரும் இடத்தில் மட்டும் அது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் பூச்சாகப் படியும். இரும்புக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும், மீண்டும் படியும்.

அப்படியானால் ஜிங்க்கைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். டிடர்ஜென்ட், துருத் தடுப்பு, ஜிங்க் எல்லாமே இரும்பின் மேற்பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடுபவை. ஒன்றை மிகுதியாக ஊற்றினால் மற்றது இடமிழக்கும். அந்த விகிதத்தை எஞ்சினில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாஸ்பரஸ் கூடினால் சைலன்சரில் உள்ள கேடலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். ஜாசோ எம்ஏ2 ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது இதனால்தான். உங்கள் வண்டி கொள்ளும் ஆயில் ஒரு லிட்டர் அளவுதான். 200 மில்லி பாட்டில் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆயிலின் கெட்டித்தன்மையே மாறிவிடும்.

அந்த உருளைச் சோதனையில் அசத்துவதற்கு மலிவான வழி குளோரினேற்றிய பாரஃபின். எஞ்சினுக்குள் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும். பேரிங் உலோகத்தை அரிக்கும். மிச்சப் பாட்டில் கையில் இருந்தால் இப்படிப் பாருங்கள். வெட்டவெளியில் ஒரு செம்புக் கம்பியை ஸ்டவ்வின் நீலத் தீயில் பிடியுங்கள். பச்சை நிறம் அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஆறவிட்டு, நுனியில் ஒரு சொட்டு மருந்தைத் தொட்டு மீண்டும் தீயில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சைத் தீ எழுந்தால் குளோரின் இருக்கிறது. ஒரு சொட்டு போதும், புகையை முகராதீர்கள்.

இனி செய்ய வேண்டியது: எஞ்சினைச் சூடாக்கி ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி அல்லது வலையைக் கழுவி, புத்தகத்தில் சொன்ன தரத்தில் எம்ஏ2 ஆயில் ஊற்றுங்கள். 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் அதையும் வடித்துவிட்டு மீண்டும் புது ஆயில். பெரும்பாலும் கிளட்ச் பிடித்துவிடும். அதன் பிறகும் வழுக்கினால் தட்டுகள் எரிந்து பளபளப்பேறியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். இப்படி ஆதாரமில்லாத விளம்பரம் செய்த பல ஆயில்-மருந்து கம்பெனிகள் மீது 1990-களில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் சரக்கு வேறு வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனால் முதல் வாரத்திலேயே விசைப்படகின் டீசல் ஃபில்டர் இரண்டு மூன்று தடவை அடைக்கிறது. உள்ளே கறுப்பாகக் குழகுழவென்று ஏதோ இருக்கிறது. டீசலில் தண்ணீரை ‘கரைக்கும்’ மருந்து ஊற்றினால் சரியாகுமா?
— படகு உரிமையாளர், சின்னமுட்டம்

பதில்: அது அழுக்கு மட்டுமல்ல, உயிருள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும். டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் இடைப்பட்ட எல்லையில் வளர்பவை. சின்னமுட்டத்துப் படகுகள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக் கிடக்கின்றன. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன், ஜூலை. பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவு தோறும் காற்றின் ஈரம் வியர்த்து வடிகிறது. இரண்டு மாதம் அசையாமல் நின்றால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

தண்ணீரைக் கரைக்கும் மருந்து உங்களுக்குத் தீங்கு. படகில் வைத்திருக்கும் வாட்டர் செப்பரேட்டர், தண்ணீர் டீசலிலிருந்து பிரிந்து துளியாகத் திரண்டால்தான் அதைப் பிடிக்கும். பால்போலக் கலக்க வைக்கும் மருந்து ஊற்றினால் தண்ணீர் செப்பரேட்டரைத் தாண்டி நேராகப் பம்புக்கும் இஞ்செக்டருக்கும் போகும். ஆல்கஹால் சேர்ந்த மருந்து இன்னும் மோசம். டீசல் எளிதில் தீப்பிடிக்காத எண்ணெய் என்பதால்தான் எஞ்சின் அறையில் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆல்கஹால் அந்தப் பாதுகாப்பைக் குலைத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. படகு ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு, காலையில் எஞ்சினைத் தொடும் முன், டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரம் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஆடை படிந்திருந்தால் பூஞ்சை உறுதி. சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். ஆடை தடிமனாக இருந்தால் டேங்க் மூடியைக் கழற்றிக் கையால் வழித்துத்தான் ஆக வேண்டும். உள்ளே இறங்கும் அளவு பெரிய டேங்காக இருந்தால் முன்பே காற்றோட்டம் கொடுங்கள், வெளியே ஓர் ஆள் நிற்கட்டும். அதன் பிறகுதான் டீசலுக்கான பூஞ்சைக்கொல்லி, லேபிளில் ‘ஷாக் டோஸ்’ என்று போட்டிருக்கும் அளவில், கையுறை போட்டுக்கொண்டு. தண்ணீரை வடிக்காமல் ஊற்றினால் மருந்தின் பெரும்பகுதி தேங்கிய தண்ணீரிலேயே தங்கித் தீர்ந்துவிடும். ஊற்றிய பின் ஒருநாளாவது நிறுத்திவையுங்கள். செத்த பூஞ்சையும் ஃபில்டரைத்தான் அடைக்கும். முதல் பயணத்தில் குறைந்தது நான்கு மாற்று ஃபில்டர் கையில் இருக்கட்டும், ஆழ்கடலுக்குப் போகாமல் கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்து, டேங்கைக் கிட்டத்தட்ட நிரப்பி, பராமரிப்பு அளவில் பூஞ்சைக்கொல்லி சேர்த்துக் கட்டிப்போடுங்கள். டேங்கோ குழாயோ கால்வனைஸ் தகட்டிலோ செம்பிலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். துத்தநாகமும் செம்பும் டீசலைச் சீக்கிரம் கெட்டுப் பிசினாக்கும்.

மைலேஜுக்கு ‘சீட்டேன் பூஸ்டர்’ போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலின் சீட்டேன் எண், அதாவது எவ்வளவு எளிதில் பற்றும் என்ற அளவு, குறைந்தது 51. ஒரே பாரத்தில் ஓடும் படகு எஞ்சினுக்கு அது தாராளம். பணம் வீண்.

கேள்வி: ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மிஷினின் பேரிங்குக்கு எந்தக் கிரீஸ்? இப்போது கடையில் கிடைத்ததை அடிக்கிறோம், ஒரு தடவை மஞ்சள், ஒரு தடவை நீலம். சில நாளில் தண்ணீராக ஒழுகி ஷீட்டில் படுகிறது.
— தோட்டக்காரர், குலசேகரம்

பதில்: நிறம் வெறும் சாயம், தரத்தைச் சொல்லாது. கிரீஸ் என்பது ஒரு பிடிமானம், பெரும்பாலும் சோப்பு, பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். லித்தியம் சோப்பு, கால்சியம் சோப்பு, களிமண், பாலியூரியா என்று பிடிமானம் பலவகை. சில ஜோடிகள் ஒன்றையொன்று உடைத்து, இரண்டுமே இளகிவிடும். உங்கள் மிஷினில் நடப்பது அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் கழுவும் தண்ணீரும் எப்போதும் பேரிங்கில் தெறிக்கின்றன. அமிலம் சோப்பைப் பிளந்து மீண்டும் கொழுப்பமிலமாக்கும், எண்ணெய் விடுபட்டு வடியும்.

உங்களுக்கு ஏற்றது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ், கெட்டித்தன்மை எண் 2. அதன் பிடிமானத்திலேயே கால்சியம் கார்பனேட் நுண்துகள் இருப்பதால் தெறிக்கும் அமிலத்தைச் சமன் செய்யும், தண்ணீரிலும் கழுவிப் போகாது, துருவையும் தடுக்கும். விலை கூடுதல்தான். கிடைக்காவிட்டால் பழைய கால்சியம் கப் கிரீஸ் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். கப் கிரீஸுக்குச் சூடு ஆகாது, ஆனால் கையால் சுற்றும் ரோலரில் சூடு எங்கே வரப்போகிறது? எதை எடுத்தாலும் பழையதைத் துணியாலும் மண்ணெண்ணெயாலும் முழுக்கக் கழுவிக் காயவிட்டுத்தான் புதியது. இருக்கிற கிரீஸோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க, இரண்டையும் சரிபாதி பிசைந்து ஒரு தகரத்தில் தடவி, பக்கத்தில் தனித்தனியாகவும் தடவி, தகரத்தைச் சாய்த்து ஒரு பகல் வெயிலில் வையுங்கள். கலந்தது மட்டும் வழிந்தால் சேராது.

கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் கன் வையுங்கள், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். உருண்டை பேரிங்காக இருந்தால் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். உருண்டை இல்லாத வெறும் வளையமான புஷ் என்றால் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்து, பிதுங்கியதை உடனே துடையுங்கள். மினரல் ஆயில் பட்ட இடத்தில் இயற்கை ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். ஷீட்டின் தரம் அங்கேயே போய்விடும். கிரீஸ் வைத்த நாளில் உருளைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, முதல் ஷீட்டைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

கறுப்புக் கிரீஸ் பலமானது என்பார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்ந்தது அது. மெதுவாக அசையும், அடி வாங்கும் பின்களுக்கும் லாரியின் புஷ்களுக்கும் மிக நல்லது, ரோலருக்குத் தேவையில்லை. கடற்கரை வாசகர்களுக்கு ஒன்று: கிராஃபைட் கலந்த கிரீஸை அவுட்போர்டு, புரொப்பெல்லர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உப்புத் தண்ணீரில் கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு கிளம்பி அலுமினியம் தின்னப்படும்.

கேள்வி: பிஎஸ்-6 மீன் வண்டி ஓட்டுகிறேன். டெஃப் திரவம் யூரியாத் தண்ணீர்தானே, உர யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன?
— ஓட்டுநர், தூத்தூர்

பதில்: ஊற்றாதீர்கள். டெஃப் என்பது டீசல் புகையின் நச்சைக் குறைக்க அதில் பீய்ச்சும் திரவம்: 32.5 சதவீத யூரியாவும் உலோக உப்பில்லாத தூய தண்ணீரும். நம் நாட்டில் 2015 முதல் உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய் டெஃப் இஞ்செக்டரின் நுண்துளையை அடைக்கும். உரத்திலுள்ள பையூரெட், சூட்டில் கல்போல் இறுகும். கிணற்றுத் தண்ணீரின் கால்சியமும் சோடியமும் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிஸ்டைச் செயலிழக்கச் செய்யும். மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட.

தவறி டெஃப் திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைப் போடவே போடாதீர்கள். சாவியைத் திருப்பினாலே பம்ப் அதை இழுத்து, இஞ்செக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயில் குழாய் வரை கொண்டுபோய்விடும். தள்ளி ஓரங்கட்டி, டேங்கை இறக்கிக் கழுவினால் சில ஆயிரத்தோடு முடியும்.

கேள்வி: அப்படியானால் உண்மையிலேயே பயன் தரும் மருந்து ஒன்றுகூட இல்லையா?
— ஆசிரியர், தக்கலை

பதில்: உண்டு. பாலிஈதர் அமைன் சேர்ந்த பெட்ரோல் கிளீனர் இஞ்செக்டரிலும் உள்வால்விலும் படிந்த கரியை உண்மையாகவே கரைக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். முழு டேங்குக்குச் சொன்ன அளவு, எஞ்சின் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன் ஓடித் தீரும் பெட்ரோல் டேங்கில் ஊற்றுவது நல்லது. கரைந்த அழுக்கில் கொஞ்சம் ஆயிலுக்கும் இறங்கும், அது ஆயிலோடு வெளியேறிவிடும். பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வண்டிகளில் உள்வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை, எனவே வால்வுக்கு இதனால் பயன் கிடையாது.

ஆக்டேன் பூஸ்டர் வேண்டாம். இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலின் ஆக்டேன் எண்ணே 95. மாங்கனீஸ் சேர்ந்த பூஸ்டர் பிளக்கில் செம்பழுப்புப் படிவத்தை ஏற்றிவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் வேலை. கார் வீட்டில் ஐந்தாறு மாதம் நிற்கும். பெட்ரோலில் ஏதாவது சேர்க்க வேண்டுமா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஸ்டெபிலைசர் சேர்ப்பது இங்கே நியாயமான செலவு. பெட்ரோல் பிசினாவதையும், எத்தனால் ஈர்க்கும் ஈரத்தால் உலோகம் அரிப்பதையும் அது தாமதப்படுத்தும். டேங்கை நிரப்பி, மருந்தை ஊற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதுதான் குழாய்க்கும் இஞ்செக்டருக்கும் மருந்து கலந்த பெட்ரோல் போய்ச் சேரும். பிறகு மூடியை இறுக்கி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கும் இருந்தால், அதன் ஃப்ளோட் அறையை வடித்துவிட்டே கிளம்புங்கள்.

கேள்வி: பேச்சிப்பாறை எஸ்டேட்டில் பழைய ஜீப். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 ஆயில் ஊற்றினால் ஜிஎல்-4ஐவிட நல்லதுதானே?
— ஓட்டுநர், பேச்சிப்பாறை

பதில்: பின் ஆக்ஸிலுக்கு நல்லது, கியர் பாக்ஸுக்கு அல்ல. இரண்டும் கியர் ஆயிலின் தரங்கள். ஜிஎல்-5-இல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின், வழுக்கி உரசும் ஹைப்பாய்டு பற்களுக்கு அது வேண்டும். கியர் பாக்ஸில், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோனைசர் வளையம் பித்தளையாக இருந்தால் கந்தகம் அதை மெல்ல அரிக்கும், கூடுதல் வழுக்கலால் கியரும் கிறீச்சிட்டு விழும். புத்தகத்தில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4 மட்டும். வடிக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பாருங்கள், பொன்னிறத் தூள் மினுங்கினால் வளையம் தேயத் தொடங்கிவிட்டது.